கணக்கு டீச்சர் பதில்கள்: கீழே இருக்கும் எண் எது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிகழ்தகவு பற்றியவை. முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு இது ஆச்சரியமில்லை. மற்ற கணக்குகளில் எங்காவது தப்பு செய்தால் விடையே வராமல் அடம்பிடிக்கும். இதில் தப்பு செய்தாலும் ஒரு விடை வரும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும்.

கேள்வி: இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்றே வகைதானே? அப்படியானால் ஒரு தலையாவது விழ 2/3 வாய்ப்பு. புத்தகம் ஏன் 3/4 என்கிறது? (ஒரு பத்தாம் வகுப்பு மாணவர்)

பதில்: உனக்குத் துணையாக ஒரு பெரிய ஆள் இருக்கிறார் தம்பி. பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர், 1754இல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதியில் இதே 2/3ஐத்தான் எழுதி வைத்தார். அவர் போன வழி சற்று வேறு. முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, முதலில் பூ விழுந்து பிறகு தலை, இரண்டு முறையும் பூ, ஆக மூன்று வகை என்றார். இருவரும் சறுக்கிய இடம் ஒன்றுதான். மூன்று வகை என்பது சரி, மூன்றுக்கும் சம வாய்ப்பு என்பது தப்பு.

கறுத்துப்போன பழைய நாணயம் ஒன்று, பளபளக்கும் புது நாணயம் ஒன்று எடுத்துக்கொள். பழையது தலை, புதியது பூ. பழையது பூ, புதியது தலை. இப்போது இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்கே தெரிகிறதா? ஒரே மாதிரி நாணயங்கள் என்றால் நமக்குத்தான் அடையாளம் தெரியாமல் போகிறது. விழுகிற விதம் மாறுவதில்லை. ஆக மொத்தம் நான்கு, அதில் தலை உள்ளவை மூன்று. நம்பிக்கை வராவிட்டால் நாற்பது முறை சுண்டி எழுதிப் பார். கலப்பு ஜோடி 13ஐ விட 20ஐ ஒட்டித்தான் வரக்கூடும்.

புத்தகத்தில் ‘கூறுவெளி’ என்று பயமுறுத்துவது, நடக்கக்கூடியவற்றின் முழுப் பட்டியல், அவ்வளவுதான். அதை எண்ணிப் பின்னத்தின் கீழே போடலாம், ஆனால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு இருந்தால் மட்டும். நான் திருத்திய விடைத்தாள்களில் மேலே உள்ள எண் தப்பியது குறைவு. காலை வாரியதெல்லாம் கீழே உள்ள எண்தான்.

கேள்வி: தொடர்ந்து ஆறு முறை தலை விழுந்துவிட்டது. அடுத்தது பூ விழத்தானே வாய்ப்பு அதிகம்? நீண்ட காலத்தில் சரிபாதி ஆகவேண்டுமே, டீச்சர்! (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: நாணயம் நேர்மையானது என்றால் அடுத்ததும் பாதிக்குப் பாதிதான். ‘சரிபாதி ஆகவேண்டுமே’ என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் கோளாறு.

ஜான் கெரிச் என்ற கணிதப் பேராசிரியர் இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அங்கே பொழுது போக வேண்டுமே! ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டிக் குறித்து வைத்தார். முதல் நூறில் தலை 44. சரிபாதிக்கு 6 குறைவு. ஆயிரத்தில் 502. பத்தாயிரம் முடிந்தபோது 5,067. சரிபாதிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி 6இலிருந்து 67 ஆகிவிட்டது, சுருங்கவில்லை. சதவீதம் மட்டும் 44இலிருந்து 50.67க்கு வந்துவிட்டது. நாணயம் பழைய கடனை அடைக்கவில்லை. கீழே இருக்கும் எண் பெருத்துப்போனதால் கடன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் ஆறு தலைகளும் அப்படியே இருக்கும், பத்தாயிரத்தில் கரைந்துபோகும்.

வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். பாதிப் பேர் நிஜமாகவே நூறு முறை சுண்டி எழுத வேண்டும். மீதிப் பேர் சுண்டாமல், சுண்டியதுபோல் மனதில் தோன்றியதை எழுத வேண்டும். யார் எது என்று எனக்குத் தெரியாமலிருக்க வராந்தாவில் போய் நிற்பேன். திரும்பி வந்து தாள்களைப் புரட்டி, பெரும்பாலும் சரியாகவே போலியைப் பிடித்துவிடுவேன். பிள்ளைகள் ஏதோ மந்திரம் என்று நினைப்பார்கள். மந்திரமுமில்லை, தந்திரமுமில்லை. நூறு முறை சுண்டினால் எங்காவது ஓரிடத்தில் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையாவது விழ ஏறக்குறைய 80 சதவீதம் வாய்ப்பு உண்டு. மனதிலிருந்து எழுதுகிறவர்களுக்கு அந்தத் துணிச்சல் வராது. நான்கு தலை எழுதியதும் கை தானாகப் பூவுக்குப் போய்விடும். உங்கள் கையும் அப்படித்தான் போகப் பார்க்கிறது.

கேள்வி: வகுப்புச் சராசரி 62. எனக்கு 58. அப்படியென்றால் நான் பின்பாதியில் இருக்கிறேனா?

பதில்: சொல்ல முடியாது. ஐந்து பேரின் மதிப்பெண்கள் 40, 45, 58, 70, 97 என்று வைத்துக்கொள். கூட்டினால் 310, சராசரி 62. ஆனால் 58 எடுத்த நீ நட்ட நடுவில் நிற்கிறாய். அந்த நடு எண்ணுக்குத்தான் இடைநிலை என்று பெயர். 97 எடுத்த ஒரு பிள்ளை சராசரியை மேலே இழுத்துவிட்டது. வீட்டில் திட்டினால் இடைநிலையைக் கேட்கச் சொல்.

கேள்வி: ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கான பரிசோதனை 99 சதவீதம் சரியாகச் சொல்லுமாம். அறிகுறி எதுவும் இல்லாமல், பொதுவாகச் செய்துகொண்டதில் எனக்குப் பாசிட்டிவ். அப்போது நோய் இருக்க 99 சதவீதம் வாய்ப்பா? தூக்கமே வரவில்லை.

பதில்: முதலில் தூங்குங்கள். பிறகு ஒரு தாளில் பத்தாயிரம் பேரை எழுதுங்கள். சதவீதத்தில் யோசித்தால் தலை சுற்றும், ஆட்களாக எண்ணினால் சுற்றாது. பத்தாயிரத்தில் நோய் உள்ளவர்கள் 10 பேர். பரிசோதனை அவர்களை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிடும். மீதி 9,990 பேருக்கு நோய் இல்லை. அவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கும் என்றால் சுமார் 100 பேர். ஆக பாசிட்டிவ் வந்தவர்கள் 110 பேர், அதில் நோயாளிகள் 10 பேர். பதினொருவரில் ஒருவர், 9 சதவீதம்.

99 எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அது ‘நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ்’ என்பதற்கான விடை. நீங்கள் கேட்பது ‘பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய்’ என்று. கீழே நிற்கும் கூட்டமே வேறு. படித்தவர்களும் தடுக்கி விழுகிற இடம் இது.

அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது பதினொன்றில் ஒன்றாகியிருக்கிறது, அது சின்ன மாற்றமில்லை. மறுபரிசோதனைக்குக் கேளுங்கள். அந்த 110 பேருக்கும் முதல் சோதனையோடு சம்பந்தமில்லாத, அதே தரமுள்ள இன்னொரு சோதனை செய்தால், நோயுள்ள பத்துப் பேரோடு தவறாக மாட்டுகிறவர் ஒருவர்தான் இருப்பார். அப்போதும் பாசிட்டிவ் என்றால் வாய்ப்பு 91 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடும். அறிகுறி உள்ளவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர் ‘ஆயிரத்தில் ஒருவர்’ கூட்டத்தைச் சேர்ந்தவரே அல்ல. அதை மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

கேள்வி: கருத்துக்கணிப்பில் அதிகம் பேரைக் கேட்டால் சரியாக வந்துவிடாதா?

பதில்: 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கு மேல் விடைச்சீட்டுகள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் வாரிச் சுருட்டினார். 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தது இரண்டு. முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவுகளிலும் எடுத்தார்கள், அன்றைக்கு அவை வசதியானவர்களின் பட்டியல்கள். போதாததற்கு, அனுப்பியதில் நாலில் ஒரு பங்கு போலத்தான் திரும்பி வந்தது. குழம்பைக் கலக்காமல் மேலாக எடுத்தால், ஒரு கரண்டி எடுத்தாலும் ஒரு வாளி எடுத்தாலும் அடியில் இருப்பது தெரியாது.

கேள்வி: ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’, ‘சார்பற்ற நிகழ்ச்சிகள்’ இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இந்தக் கேள்வி வந்தால் எனக்கு இன்னும் காது சிவக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ‘கிட்டத்தட்ட ஒன்றுதான்’ என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். கரும்பலகையில் பகடை படம். 1 விழுவது, 6 விழுவது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வழக்கமாக வாயே திறக்காதவள். “டீச்சர், 1 விழுந்துடுச்சுன்னு யாராவது சொன்னா, 6 விழலைன்னு நமக்குத் தெரிஞ்சுடுதே. அப்புறம் எப்படி சம்பந்தம் இல்லாம போகும்?”

அவள் சொன்னதுதான் சரி. இரண்டும் சேர்ந்து நடக்க வாய்ப்பு பூஜ்யம், அதுதான் ஒன்றையொன்று விலக்குவது. சார்பற்றவை என்றால், அதாவது ஒன்று நடந்தது தெரிந்தாலும் மற்றதன் வாய்ப்பு மாறாது என்றால், 1/6ஐ 1/6ஆல் பெருக்கி 1/36 வரவேண்டும். நிஜமாகவே சார்பற்ற ஜோடி வேண்டுமா? இரட்டை எண் விழுவது 1/2. இரண்டோ அதற்குக் குறைவோ விழுவது 1/3. இரண்டிலும் அடங்குவது 2 மட்டும், 1/6. பெருக்கிப் பாருங்கள், பொருந்தும். இரட்டை எண் என்று தெரிந்த பிறகும் மூன்றில் ஒன்று அப்படியே நிற்கிறது: 2, 4, 6இல் ஒன்று.

இந்த உதாரணத்தை அன்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு, “நாளைக்குச் சொல்றேம்மா” என்றேன்.