முன்னால் ஓட்டும்போது மட்டும் நெஞ்சு இறுகுகிறது

கேள்வி: வயது 54. சைக்கிள் கிளப் ஒன்றில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் கிராமப்புறச் சாலைகளில் குழுவாக 80 கிலோமீட்டர் ஓட்டுவோம். குளிர் தொடங்கியதிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, விரல் நுனிகள் வெளுக்கின்றன, அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. மூன்று வாரமாக, காலையில் முதல் மேட்டிலும், என் முறை வந்து குழுவுக்கு முன்னால் ஓட்டும்போதும் நெஞ்சு நடுவில் ஓர் இறுக்கம். பின்னால் போய்விட்டால் சரியாகிவிடுகிறது. வாயு மாத்திரை போட்டேன், நண்பரின் இன்ஹேலரை இழுத்துப் பார்த்தேன், சட்டைக்குள் செய்தித்தாளும் வைத்துக்கொண்டேன். கைக்கடிகாரத்தில் ஈ.சி.ஜி. நார்மல். குளிர்காற்றில் நுரையீரல் உறைந்துபோகும் என்று இணையத்தில் படித்தேன். அதுதான் காரணமா? அப்பாவுக்கு 56 வயதில் மாரடைப்பு வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன்.

பதில்: சம்பந்தம் இருக்கலாம். பரிசோதித்துப் பார்க்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு சைக்கிள் வேண்டாம். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள்.

முன்னால் ஓட்டினால் வருகிறது, பின்னால் போனால் போகிறது என்பதைக் குளிர்காற்றுக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. குழுவின் தலையில் இருப்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். அவர் சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு அதே வேகத்தில் உழைப்பு நான்கில் ஒரு பங்காவது குறையும். ஆக, இதயத்துக்கு வேலை கூடும்போது இறுகுகிறது, குறைந்ததும் விடுகிறது. மேடும் அதே கதைதான். நீங்கள் குழுவில் எந்த இடத்தில் ஓட்டுகிறீர்கள் என்பது வாயுவுக்குத் தெரியாது.

1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர், நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது நெஞ்சைப் பிடித்து, நின்றவுடன் மறைந்துபோகும் ஒரு வேதனையைச் சக மருத்துவர்களிடம் விவரித்தார். ஆஞ்சைனா என்ற பெயர் அவர் வைத்தது; இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலி அது என்று இன்று தெரியும். ஈ.சி.ஜி. வருவதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னால், நோயாளி சொன்னதைக் கேட்டே பிடித்துவிட்டார். நேரில் பார்க்காமல் உங்களுக்கும் அதுவேதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதம் அவர் விவரித்ததைப் போலவே இருக்கிறது.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் அதிக வலுவோடு தள்ள வேண்டிவரும். அடைப்பு உள்ள இதயத் தமனி குளிரில் இன்னும் சுருங்கவும் கூடும். செலவு கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. 5 டிகிரியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திறந்திருக்கும் முகத்துக்கு அது ஏறக்குறைய 0 டிகிரி. கோடையில் சமாளித்துக்கொண்டிருந்த குழாயைக் குளிர்காலம் காட்டிக்கொடுத்துவிடும். நெஞ்சுக்குச் செய்தித்தாள் வைப்பது சைக்கிள்காரர்களின் பழைய வித்தை, காற்றை நன்றாகவே தடுக்கும். தமனிக்குள் இருப்பதை அது என்ன செய்யும்?

முதல் மேட்டில் வருவது பிறகு வரும் மேடுகளில் வருவதில்லை என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். ‘இதயமாக இருந்தால் பெரிய மேட்டில் அல்லவா வரவேண்டும்?’ என்பார்கள். உடல் சூடேறியபின் அடங்கிவிடும் ஆஞ்சைனா உண்டு. எங்களுக்கு அது பழகிய ஆள்தான். அடங்கியதால் அடைப்பு போய்விட்டதாக அர்த்தமில்லை.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருவோம். இன்னொருவர் மருந்தை ஏன் இழுத்தீர்கள்? அந்த வகை மருந்துகளில் பல இதயத் துடிப்பைக் கூட்டுபவை. குளிர்காற்றால் மூச்சுக்குழாய் சுருங்குவதும் உண்டுதான், ஆனால் அந்த இறுக்கம் பெரும்பாலும் ஓட்டி முடித்த 5, 10 நிமிடத்தில்தான் உச்சத்துக்கு வரும், இருமலும் வீசிங்கும் கூடவே வரும். உங்களுக்கு உழைக்கும்போது வந்து, ஓய்ந்ததும் போகிறது. வாயு மாத்திரையால் குணமானதாகத் தோன்றுவதும் இதனால்தான்: மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்குவதற்குள் நீங்கள் நின்றுவிடுகிறீர்கள்.

கைக்கடிகாரம் துடிப்பின் சீரைப் பார்க்கும். ரத்தம் போதவில்லை என்பதைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டதல்ல. மருத்துவமனையில் படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.கூட ஆஞ்சைனா உள்ளவருக்கு நார்மலாக வரலாம், அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிவிடாதீர்கள். எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, சி.டி. ஆஞ்சியோகிராம் இவற்றில் எது வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வார். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்ப்பார்கள். அதுவரை ஆஸ்பிரினை நீங்களாகத் தினமும் போட ஆரம்பிக்க வேண்டாம். முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் வகை அது.

ஓய்வில் இருக்கும்போதே இறுக்கம் வந்தால், நின்ற பிறகும் 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், தாடைக்கோ கைக்கோ பரவினால், அந்தக் குளிரிலும் வியர்த்துக் கொட்டினால், மயக்கம் வந்தால் உடனே ஆம்புலன்ஸ். கிளப் நண்பர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். ‘இன்னும் 12 கிலோமீட்டர்தான், மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்’ என்று குழுவில் யாராவது ஒருவர் சொல்வார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். கேட்காதீர்கள்.

சைக்கிளைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டீர்களோ என்று தோன்றுகிறது. சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானோர் திரும்ப ஓட்டுகிறார்கள், நாங்களே ஓட்டச் சொல்கிறோம். ஹெபர்டனின் நோயாளி ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்தே ஏறக்குறைய குணமானார் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். பரிசோதனை செய்த பிறகு, சரியா?

மற்றவை சில்லறை. நுரையீரல் உறையாது. காற்று ஆழத்துக்குப் போவதற்குள் உடல் சூட்டுக்கு வந்துவிடும், அந்த வேலையைச் செய்வதால்தான் மூக்கு ஒழுகுகிறது. குளிரில் ரத்தம் உள்ளே ஒதுங்குவதால் சிறுநீரகம் அதிகம் வெளியேற்றும், அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். விரல்கள் இரண்டு கையிலும் வெளுத்து, சூடானதும் நிறம் திரும்பினால் நல்ல கையுறை போதும். ஒரே கையில் மட்டும் வெளுத்தாலோ நுனியில் புண் வந்தாலோ காட்டுங்கள்.

மருத்துவரிடம் போய் ‘குளிரில் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். மூக்கும் விரலும் அங்கே வேண்டாம். எனக்குக் கடைசி வரியில் எழுதினீர்களே, அப்பாவைப் பற்றி, அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.