ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு பெரிய நிறுவனத்தின் செம்பனை ஆலையில் 14 ஆண்டுகளாகக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். லாரி எடைக் கணக்கில் தப்பு நடப்பதைத் தலைமையகத்துக்கு எழுதினேன். அதிலிருந்து மேனேஜரும் அவர் ஆட்களும் என்னை ஒதுக்குகிறார்கள். ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே எனக்கு வேலையே இல்லை. "நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க" என்கிறார் மேனேஜர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். சாட்சி சொல்ல வேண்டியவர்களோ அதே மேனேஜரின் கீழ் வேலை செய்பவர்கள், பலர் கம்பெனி வீட்டில் குடியிருப்பவர்கள். யார் வாய் திறப்பார்?

ஆளை இடம் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் பழிவாங்க மாற்றுவதும், வேலை தராமல் உட்கார வைப்பதும் வேறு. அது வேலை ஒப்பந்தத்தையே முறிக்கும் அளவுக்குப் போனால், காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியேறலாம். சட்டம் அதை மறைமுகப் பணிநீக்கமாகப் பார்க்கும். வெளியேறிய நாளிலிருந்து 60 நாளுக்குள், 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி ஈப்போவில் உள்ள தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் ஏற்க மாட்டார்கள். அங்கே நடக்கும் சமரசப் பேச்சுக்கு வக்கீல் வர முடியாது. சங்கத்தில் இருந்தால் சங்கத்தாரை அழைத்துப் போங்கள். தீராவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். வென்றால் மீண்டும் வேலை கிடைக்கலாம், அல்லது இழப்பீடு. நிலுவைச் சம்பளம் அதிகபட்சம் 24 மாதம்.

ஆனால் இன்றே கிளம்பிவிடாதீர்கள். தோற்றால் 14 ஆண்டு வேலையும் போய்விடும். முதலில் மேனேஜருக்கும் தலைமையக மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்னை ஏன் மாற்றினீர்கள், இங்கே என் வேலை என்ன? மாதக்கணக்கில் வாய்மூடி இருந்தால் மாற்றத்தை ஒத்துக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள். மாற்றல் கடிதம், சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் பத்திரம். எடைக் கணக்கு ஏடுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்; அதையே ஒழுங்குமீறல் என்று உங்கள் மேல் திருப்புவார்கள்.

இன்னொன்று. 2010இல் வந்த தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் சொன்னவருக்குத்தான் கைகொடுக்கும். தலைமையகத்துக்கு எழுதியது அதில் சேராது. எடை மோசடியில் லஞ்சம் இருப்பதாகத் தெரிந்தால் ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போகலாம்.

மின்னஞ்சலுக்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும், இரண்டு வாரத்தில் வேலை ஒப்பந்தத்தோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். அதுவரை ஸ்டோரில் சும்மா உட்கார வைத்தாலும் சரி, நேரத்துக்குப் போய் பஞ்ச்கார்டு அடித்துவிட்டு உட்காருங்கள்.