குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் இருக்கிறது, டிரக் வேலை கிடைக்குமா? கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒன்றைத் தவிர எல்லாமே அமெரிக்க சி.டி.எல்., அதாவது கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் பற்றியவை. அங்கே மத்திய அரசின் விதிதான் அடிப்படை. மாநிலம் அதைவிடக் கடுமையாக வைக்கலாம், தளர்த்த முடியாது. சட்டம் உங்களை ஓட்ட விடுவது ஒரு கட்டம், கம்பெனி உங்களை எடுத்துக்கொள்வது அடுத்த கட்டம். பலரும் முதலாவதைத் தாண்டிவிட்டு இரண்டாவதில் மாட்டுகிறார்கள்.

கேள்வி: சார், நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 2019-ல் சொந்தக் காரில் டி.டபிள்யூ.ஐ. (குடித்துவிட்டு ஓட்டிய) கேஸ் ஒன்று. அப்போது சி.டி.எல். கிடையாது. இப்போது எடுக்க முடியுமா?

முடியும். சி.டி.எல்.லோ அதற்கான பெர்மிட்டோ கையில் இல்லாத காலத்தில் சொந்தக் காரில் வந்த கேஸ், மத்திய அரசின் தகுதி நீக்கக் கணக்கில் சேராது. சாதாரண லைசென்ஸ் முழுதாகத் திரும்பி வந்திருக்க வேண்டும், பாக்கி அபராதம் எதுவும் இருக்கக் கூடாது. பயிற்சிப் பள்ளி மத்திய அரசின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். 2022 பிப்ரவரி 7 முதல் அது கட்டாயம்.

நியூ ஜெர்சியில் இது போக்குவரத்துக் குற்றம், கிரிமினல் குற்றம் கிடையாது. அதனால் 'கிரிமினல் தண்டனை உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதலாம். ஆனால் டிரக் கம்பெனி ஃபாரத்தில் அதற்குக் கீழேயே லைசென்ஸ் சஸ்பெண்ட் பற்றித் தனிக் கேள்வி இருக்கும். அங்கே 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும்.

கேள்வி: சி.டி.எல். வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் பிடித்துவிட்டார்கள், ரத்தத்தில் ஆல்கஹால் 0.09 சதவீதம். டிரக்கை நான் தொடவே இல்லையே, அதையும் பறிப்பார்களா? வகுப்புக்குப் போனால் கேஸை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்கிறார் வக்கீல்.

தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் சி.டி.எல். ஒரு வருடம் போகும், எந்த வண்டி என்று பார்க்க மாட்டார்கள். டிரக்கில் பிடிபட்டால் வரம்பு 0.04, காரில் மாநிலச் சட்டத்தின் வரம்பு. பெரும்பாலான மாநிலங்களில் அது 0.08, யூட்டாவில் 0.05. அபாயச் சரக்குப் பலகை மாட்டிய டிரக்கில் என்றால் 3 வருடம்.

வக்கீல் சொல்வது சாதாரண லைசென்ஸ்காரருக்குப் பொருந்தும். சி.டி.எல். வைத்திருப்பவரின் தண்டனையை மாநிலம் ஒத்திவைக்கவோ, வகுப்புக்கு அனுப்பி ரெக்கார்டில் ஏறாமல் மறைக்கவோ மத்திய விதியில் தடை இருக்கிறது. சி.டி.எல். கேஸ்களையே நடத்தும் வக்கீலைப் பாருங்கள். சோதனைக் கருவியின் பராமரிப்புப் பதிவு, வண்டியை நிறுத்தியதற்கான காரணம் இவற்றில் ஓட்டை இருந்தால் கேஸையே உடைக்கலாம், அது வேறு விஷயம்.

தண்டனை உறுதியானால் 30 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனதாக நோட்டீஸ் வந்தால் மறுநாள் வேலை நேரம் முடிவதற்குள். இதை மறைத்து ஒரு லோடு ஓட்டினாலும் அது தனிக் குற்றம்.

கேள்வி: ஊத மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். அதனால் தப்பிக்கலாமா?

இல்லை. மறுப்புக்கும் அதே ஒரு வருடம்தான்.

கேள்வி: அண்ணா, எனக்கு இரண்டு கேஸ். 2012-ல் ஒன்று, 2016-ல் ஒன்று. இரண்டு தடவையும் சி.டி.எல். இருந்தது. கதவு மூடிவிட்டதா?

தனித்தனிச் சம்பவங்களில் இரண்டு தண்டனை என்றால் ஆயுள் தகுதி நீக்கம். ஆனால் 10 வருடம் கழிந்து, மாநிலம் ஏற்ற மறுவாழ்வுப் பயிற்சியை முடித்தவருக்கு லைசென்ஸைத் திருப்பித் தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. எல்லா மாநிலமும் அதைப் பயன்படுத்துவதில்லை. உங்கள் மாநில லைசென்ஸ் ஆபீஸின் சி.டி.எல். பிரிவுக்கு எழுதி, 10 வருடம் எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்படித் திரும்பப் பெற்ற பிறகு மூன்றாவதாக ஒன்று வந்தால் அதோடு சரி, மறுபடி வழியே கிடையாது.

கேள்வி: லைசென்ஸ் திரும்ப வந்துவிட்டது, கேஸ் ஆகி 4 வருடம். பெரிய கம்பெனிகள் எல்லாம் ஃபோனிலேயே முடியாது என்கின்றன. எங்கே தேடுவது?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வருடக் கணக்கு இருக்கும்: 3, 5, 7, 10. பெரும்பாலும் அதை வகுப்பது அவர்களுடைய இன்ஷூரன்ஸ்காரர். ரெக்ரூட்டரிடம் மன்றாடிப் பயனில்லை, விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை வருடம்? கைதான தேதியிலிருந்தா, தண்டனைத் தேதியிலிருந்தா, லைசென்ஸ் திரும்பிய தேதியிலிருந்தா? எண்ணிக்கையில் எத்தனை கேஸ் வரை? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடுபவர்கள் அதிகம். கைது ஒரு வருடத்திலும் தீர்ப்பு அடுத்த வருடத்திலும் வந்திருந்தால் விடை அங்கேயே மாறிவிடும். பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். இன்று 4 வருடம் என்பதால் தள்ளியவரை 5 முடிந்த வாரமே கூப்பிடலாம்.

10, 20 டிரக் வைத்திருப்பவர்களிடம் நேரில் போங்கள். அங்கே முதலாளியே இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு ஃபோன் போட்டு, "இந்த டிரைவரைச் சேர்த்தால் ஒத்துக்கொள்வீர்களா" என்று கேட்பார். ஏஜென்ட் சரி என்றால் மறுநாள் வேலை. மாநில எல்லைக்குள் ஓடும் டம்ப் டிரக், கான்கிரீட் மிக்ஸர், அறுவடைக் கால லோடு, பிளாட்பெட், குப்பை வண்டி இவற்றில் வாய்ப்பு கூடுதல். எரிபொருள் டேங்கர் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். 'எந்த ரெக்கார்டும் பரவாயில்லை, டிரக்கை வாரத் தவணையில் எடுத்துக்கொள்' என்று வருபவரிடம் கவனம். வேறு வழியில்லை என்று தெரிந்துதான் அந்தத் தவணையை ஏற்றி வைப்பார்கள்.

கேள்வி: 8 வருடப் பழைய கேஸ். ரெக்கார்டு எடுத்துப் பார்த்தேன், அதில் இல்லை. எழுதாமல் விட்டால் என்ன?

வேண்டாம். விண்ணப்பத்தில் இரண்டு கேள்வி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். போக்குவரத்து விதிமீறல்களைக் கடைசி 3 வருடத்துக்குக் கேட்பார்கள். லைசென்ஸ் மறுப்பு, ரத்து, சஸ்பெண்ட் பற்றிய கேள்விக்கு மத்திய விதியில் வருட வரம்பே கிடையாது, 'எப்போதாவது' என்றுதான் இருக்கும். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் என்றால் அனேகமாக சஸ்பெண்டும் கூடவே இருக்கும். முதலாவதில் வராத கேஸ் இரண்டாவதில் வந்து நிற்கும். கேஸுக்காகத் தள்ளுபவர் பிறகு எடுக்கலாம். பொய்யெழுதியதற்காகத் தள்ளினால் அந்தக் கம்பெனியில் மறுபடி நுழைய முடியாது, அடுத்த கம்பெனி விசாரிக்கும்போதும் அது வெளியே வரும்.

விளக்கம் எழுதும் இடத்தில் நாலு வரி போதும்: "2017 மே, சொந்தக் கார், விபத்து இல்லை, 0.10. லைசென்ஸ் 6 மாதம் சஸ்பெண்ட், 2017 டிசம்பரில் திரும்பப் பெற்றேன். கோர்ட் சொன்ன வகுப்பை முடித்த சான்றிதழ் இணைப்பு. அதன் பின் எந்த விதிமீறலும் இல்லை." மன்னிப்பு, குடும்பக் கஷ்டம், போலீஸ்காரர் மேல் குறை எதுவும் வேண்டாம். படிப்பவர் தேடுவது தேதிகளை.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் மாநில ஓட்டுநர் ரெக்கார்டின் முழு வரலாற்றுப் பிரதியை வாங்கிவிடுங்கள். கம்பெனிகள் பார்க்கும் மத்திய அரசின் பி.எஸ்.பி. ரிப்போர்ட்டில் 5 வருட விபத்தும் 3 வருட ரோட்டோரச் சோதனையும்தான் இருக்கும், தண்டனைகள் இருக்காது. அது சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

கேள்வி: போலீஸ் கேஸ் இல்லை. கம்பெனி திடீரென்று வைத்த சோதனையில் 0.05 வந்தது. கிளியரிங்ஹவுஸில் (டிரைவர்களின் போதை, ஆல்கஹால் சோதனைப் பதிவேடு) 'தடை' என்று காட்டுகிறது. என்ன செய்ய?

இது கோர்ட் கேஸைவிட வேகமாக வேலையை நிறுத்தும். 2020 ஜனவரி முதல், ஆளை எடுக்கும் ஒவ்வொரு கம்பெனியும் அந்த மத்தியப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். 2024 நவம்பர் 18 முதல் 'தடை' நிலையில் இருப்பவரின் சி.டி.எல்.லையே மாநிலம் சாதாரண லைசென்ஸாகக் கீழிறக்குகிறது.

வெளியே வரும் வழி இது. எஸ்.ஏ.பி. எனப்படும் அங்கீகாரம் பெற்ற ஆலோசகரை உங்கள் கணக்கிலிருந்தே தேர்ந்தெடுங்கள். அவர் மதிப்பிட்டு, வகுப்போ சிகிச்சையோ எழுதித் தருவார். அதை முடித்த பின் அவரே மறுபடி மதிப்பிட்டு, 'சோதனைக்குத் தயார்' என்று பதிவேற்றுவார். அவர் சொன்னது பிடிக்கவில்லை என்று இன்னொருவரிடம் போனால் செல்லாது, அதனால் முதலிலேயே விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். பிறகு பணிக்குத் திரும்பும் சோதனை: ஆல்கஹால் 0.02-க்குக் கீழே இருக்க வேண்டும். அதன் பின் முதல் 12 மாதத்தில் முன்னறிவிப்பில்லாத சோதனை குறைந்தது 6.

எல்லாரும் சிக்கும் இடம் பணிக்குத் திரும்பும் சோதனைதான். அதற்கு உங்களை அனுப்ப ஒரு கம்பெனி வேண்டும், நீங்களாகவே போய்க் கொடுக்க முடியாது. ஆகவே வேலை தேடும்போதே, "எஸ்.ஏ.பி. முடித்த டிரைவரைச் சோதனைக்கு அனுப்புவீர்களா, பின்தொடர் சோதனைகளை நடத்துவீர்களா" என்று கேளுங்கள். சொந்த டிரக்காரர் என்றால், அவர் சேர்ந்திருக்கும் சோதனை நிர்வாக நிறுவனமே அனுப்பலாம். நெகட்டிவ் வந்து பதிவானதும் தடை நீங்கும். விவரம் மட்டும் 5 வருடமோ பின்தொடர் திட்டம் முடியும் வரையோ, எது பிந்தியதோ அதுவரை தெரியும்.

கேள்வி: மெடிக்கலில் இதைக் கேட்பார்களா?

குடிப்பழக்கம் பற்றி ஃபாரத்தில் கேள்வி உண்டு. குடிநோய் இப்போது இருப்பதாகக் கண்டறிந்தால் தகுதி இல்லை. பழைய கேஸ் மட்டும் என்றால் டாக்டர் ஆலோசகரின் கடிதம் கேட்கலாம், 2 வருடத்துக்குப் பதிலாகக் குறைந்த காலத்துக்குச் சான்றிதழ் தரலாம். கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: யாரும் எடுக்கவில்லை என்றால் சொந்தமாக டிரக் வாங்கி ஓட்டிவிடலாமே?

அங்கேயும் அதே இன்ஷூரன்ஸ்காரர்தான். மாநிலங்களுக்கு இடையே சாதாரண சரக்குக்கு விதிப்படி குறைந்தது 7,50,000 டாலர் காப்பீடு, புரோக்கர்கள் பெரும்பாலும் 10 லட்சம் டாலர் கேட்கிறார்கள். புதுக் கம்பெனி, பழைய கேஸ் இரண்டும் சேர்ந்தால் பிரீமியம் எகிறும். டிரக்குக்கு முன்பணம் கட்டும் முன் மூன்று ஏஜென்டுகளிடம் எழுத்தில் விலை வாங்குங்கள்.

கேள்வி: அண்ணை, நான் கனடா, பிரம்டன். ஏ.இசட். (ஒன்டாரியோ கனரக டிரக் லைசென்ஸ்) எடுக்கப் போறன். 2021 இல குடிச்சிட்டு ஓடின வழக்கு ஒண்டு. பி.ஆர். (நிரந்தர வதிவாளர்) தான், சிட்டிசன் இல்லை. அமெரிக்காவுக்கு ஓடலாமோ?

கனேடிய சிட்டிசனுக்கு ஒரேயொரு தண்டனை பொதுவாக அமெரிக்க எல்லையில் தடை ஆகாது. உங்கள் நிலைமை வேறு. உங்களுடையது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால், அதில் போக விசா வேணும். கடைசி 5 வருடத்துக்குள் குடிபோதைக் கைது ஒன்று, அல்லது 10 வருடத்துக்குள் இரண்டு இருந்தால் தூதரகம் தன் டாக்டரிடம் அனுப்பும். எல்லையை விரைவாகத் தாண்ட டிரக் டிரைவர்களுக்குத் தரும் ஃபாஸ்ட் கார்டும் கிடைப்பது கஷ்டம். அது இல்லாமலும் எல்லை தாண்டலாம், ஆனால் எல்லை ஓட்டக் கம்பெனிகள் பல அதைக் கேட்கும். முதலில் ஒன்டாரியோவுக்குள் ஓடும் வேலையைப் பாருங்கோ. அங்கே கனரக வண்டிக்காரருக்கு அளவு பூச்சியம், ஒரு துளியும் கூடாது.

அதைவிட முக்கியம்: 2018 டிசம்பர் 18-க்குப் பிறகு கனடாவில் இது பாரதூரமான குற்றம். பி.ஆர். அந்தஸ்தையே தொடும். சிட்டிசன்ஷிப்புக்குப் போட முதல் குடிவரவு வக்கீலைக் காணுங்கோ. அமெரிக்கக் கேஸ் வைத்திருந்து கனடாவுக்கு லோடு எடுப்பவர்களையும் இதே விதி எல்லையில் நிறுத்தும். நியூ ஜெர்சிக்காரரே, உங்கள் ஊரில் அது கிரிமினல் கேஸ் இல்லை என்ற வாதமும் அங்கே எடுபடாது.

கேள்வி: தகுதி நீக்கக் காலத்தில் வருமானத்துக்கு?

டிரக் ஓட்ட தற்காலிக அனுமதி எந்த மாநிலமும் தர முடியாது. சாதாரண லைசென்ஸ் உயிரோடு இருந்தால், 26,000 பவுண்டுக்குள் இருக்கும் பாக்ஸ் டிரக்குக்கு சி.டி.எல். தேவையில்லை. சொந்தக் காரில் வந்த கேஸ் என்றால் அதை ஓட்டலாம். பணி நேரத்தில் டிரக்கிலேயே பிடிபட்டவருக்கு அதுவும் தடையாகலாம். கிடங்கு வேலை, டிஸ்பாட்ச் வேலை எடுத்தால் அதே கம்பெனி பின்னால் டிரைவராக எடுக்க வாய்ப்புண்டு.

கேள்வி: ஒரு ரெக்ரூட்டர் 'பிரச்சினையே இல்லை' என்று சொல்லி ஓரியன்டேஷனுக்கு பஸ் டிக்கெட் போட்டுவிட்டார். திங்கட்கிழமை கிளம்பட்டுமா?

சேஃப்டி டிபார்ட்மென்ட் உங்கள் ரெக்கார்டைப் பார்த்துவிட்டதா என்று கேளுங்கள். முடிவெடுப்பது அவர்கள்தான். பலரை மூன்றாவது நாள் வகுப்பிலிருந்து எழுப்பித் திருப்பி அனுப்புவது ரெக்கார்டு அன்றுதான் கைக்கு வந்ததால். கேஸின் தேதியையும் எண்ணிக்கையையும் ஈமெயிலில் அனுப்பி, 'சேஃப்டி ஒப்புதல் ஆகிவிட்டது' என்ற பதில் வந்த பிறகு கிளம்புங்கள். திருப்பி அனுப்பினால் டிக்கெட் யார் செலவு என்பதையும் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள்.