வாசகர் கேள்வி பதில்: கட்டட ஃபீல்டுல மனுஷங்களைப் பாத்துக்குற வேலை

இந்த ஃபீல்டுக்கு வந்து எனக்கு 22 வருஷம் ஆச்சு. போன இதழ்ல சைட் வேலை பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், கல்லு மண்ணோட மாரடிக்கிறதைவிட ஆளுங்களோட பழகுற வேலை இங்க இருக்கான்னு. இருக்கு, நிறையவே இருக்கு. நாலு லெட்டரை எடுத்து பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, நான் பி.இ. சிவில், 2022 பாஸ் அவுட். ஓ.எம்.ஆர்ல ஒரு அபார்ட்மென்ட் சைட்ல மூணு வருஷமா சைட் இன்ஜினியரா இருக்கேன். கம்பி செக் பண்றது, லெவல் பாக்குறது, காங்க்ரீட் பலத்தை சோதிக்க கியூப் எடுக்குறது எல்லாம் பண்றேன், ஆனா மனசு அதுல நிக்கல. மேஸ்திரிங்ககிட்ட பேசி வேலை வாங்குறது, பிளாட் வாங்குனவங்க வந்தா சுத்திக் காட்டுறது இதுலதான் ஆர்வமா இருக்கு. இதுக்குன்னு என்ன வேலை இருக்கு? எம்.பி.ஏ. பண்ணணுமா? (விழுப்புரத்துலேர்ந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, உங்க ஆசை நல்ல ஆசை. ஆனா ஒண்ணு முதல்ல சொல்லிடுறேன், ஆளுங்களோட பழகுற வேலைன்னா நல்லா பேசுற வேலைன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கே அது ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது.

நான் வேலைக்கு சேர்ந்து ரெண்டாவது வருஷம். மூணாவது மாடி ஸ்லாப், காலையில ஏழு மணிக்கு காங்க்ரீட். ரெடிமிக்ஸ் வண்டி ரெண்டு வந்து வாசல்ல நிக்குது, பம்பு செட் ஆயிடுச்சு, பலகையும் முட்டும் அடிச்ச சென்ட்ரிங் ஆளுங்க மட்டும் மேல ஏறாம மணல் குவியல் பக்கத்துல உக்காந்துட்டாங்க. காங்க்ரீட் போடும்போது கீழ நின்னு முட்டு, ஜாக்கி எல்லாம் அசையுதான்னு பாத்துக்குறது அவங்கதான், அவங்க இல்லாம போடவே கூடாது. வண்டியில லோடு பண்ணி ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கியாகணும். நான் போய் கத்துனேன், கெஞ்சுனேன், ஒருத்தரும் எழுந்திரிக்கல. எங்க பி.எம்., அதாவது புராஜெக்ட் மேனேஜர், வந்தாரு, ஒண்ணும் பேசல, மேஸ்திரி பக்கத்துல போய் உக்காந்தாரு, டீ சொன்னாரு, அப்புறம் மெதுவா "என்ன மேஸ்திரி, வீட்ல என்ன விஷயம்"னு கேட்டாரு. ரெண்டு வாரமா சம்பளம் வரல, ஆளுங்களுக்கு கடன் சொல்லி அரிசி வாங்கிக் குடுத்துட்டிருக்கேன், இனிமே கடைக்காரன் தர மாட்டேங்கிறான்னாரு. ஏன் வரலன்னு ஆபீஸ்ல விசாரிச்சா பில் பாஸ் ஆகல, ஏன் ஆகலன்னா எம்-புக்ல, அதாவது முடிஞ்ச வேலையை அளந்து எழுதுற புத்தகத்துல, அளவு எழுதி கையெழுத்து ஆகல. அந்தக் கையெழுத்து போட வேண்டியது நான். டேபிள்ல பதினோரு நாளா கெடந்துச்சு.

பி.எம். என்னை அங்க திட்டல. மேஸ்திரி முன்னாடியே என்னைக் கூப்பிட்டு எம்-புக்கை எடுத்துட்டு வரச் சொன்னாரு, அங்கயே உக்காந்து அளவு சரி பாத்து கையெழுத்து போட வெச்சாரு, அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு பகுதி காசு கைக்கு வரும்னு சொன்னாரு, வந்துச்சு. ஆளுங்க ஏறிட்டாங்க. அன்னைலேர்ந்து வியாழக்கிழமைக்குள்ள எம்-புக் முடிக்காம நான் வீட்டுக்குப் போனதில்ல, ஏன்னா சனிக்கிழமை கூலி நாள்.

இதை எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, நீங்க போகணும்னு நெனைக்கிற வேலைங்க எல்லாத்துலயும் கடைசில வந்து நிக்கிறது இதுதான், யாரோ ஒருத்தர் ஒரு பேப்பருக்காக, ஒரு பதிலுக்காக காத்துட்டிருப்பாங்க, அதை நேரத்துக்கு கொண்டு போய் சேக்கணும். அதுக்கு உங்களுக்கு கம்பியும் தெரியணும் லெவலும் தெரியணும். மேஸ்திரி "இன்னும் நாலு நாள் ஆகும்"னு சொன்னா அது நிஜமா சாக்கான்னு கண்டுபிடிக்க வேலை தெரிஞ்சவனாலதான் முடியும்.

சரி, வேலைங்க என்னன்னு கேட்டீங்க. பி.எம்.சி. கம்பெனிங்க இருக்கு, அதாவது ஓனருக்காக புராஜெக்டை நடத்திக் குடுக்குறவங்க, அங்க கோஆர்டினேட்டர் வேலை உங்களுக்கு சரியா வரும், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சரல், எலக்ட்ரிகல், பிளம்பிங் கான்ட்ராக்டர் எல்லாரையும் ஒரு டேபிள்ல உக்கார வெச்சு முடிவு எடுக்க வைக்கணும். பில்டர் பக்கம், முடிஞ்ச வீட்டை வாங்குனவங்ககிட்ட ஒப்படைக்கிற ஹேண்ட் ஓவர் டீம் இருக்கு. கட்டி முடிச்ச பிறகு கட்டடத்தைப் பராமரிக்கிற ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் இருக்கு, அசோசியேஷன்காரங்களோட பேசிப் பழகணும், அது ஒரு தனி உலகம். சேஃப்டியை மறந்துடாதீங்க, காலையில வேலை ஆரம்பிக்கும் முன்னாடி நடக்குற பாதுகாப்புப் பேச்சுல, அதான் டூல்பாக்ஸ் டாக்ல, முப்பது பேர் முன்னாடி நின்னு அவங்க காதுல ஏறுற மாதிரி பேசத் தெரிஞ்ச சேஃப்டி ஆபீசர் ரொம்ப கம்மி. 2014 ஜூன் 28 மௌலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் இடிஞ்சு 61 பேர் செத்துப்போனாங்க, அதுக்கப்புறம் நான் போற ஒவ்வொரு சைட்லயும் கேக்குறது, இங்க ஒரு கொத்தனார் "எனக்கு இது சரியா படல"ன்னு தைரியமா யார்கிட்ட சொல்லலாம்னு. பதில் வரணும் அதுக்கு.

எம்.பி.ஏ.க்கு அவசரப்படாதீங்க. இப்ப இருக்குற சைட்டை ஹேண்ட் ஓவர் வரைக்கும் முடிங்க, ஆரம்பத்துலேர்ந்து சாவி குடுக்குற வரைக்கும் ஒரு புராஜெக்ட்ல முழுசா நின்னவங்களுக்கு மதிப்பே வேற. புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சர்டிபிகேட் பரீட்சை எழுதணும்னா டிகிரிக்காரங்களுக்கு புராஜெக்ட் நடத்துன அனுபவம் 36 மாசம் கேக்குறாங்க, கூட 35 மணி நேர கிளாஸ், சும்மா சைட்ல இருந்த மாசம் எல்லாம் கணக்குல வராது, அதனால இப்பவே பொறுப்பு கேட்டு வாங்குங்க. அப்பவும் படிக்கணும்னு தோணுச்சுன்னா புனேல நிக்மார் இருக்கு, இந்தத் துறைக்குன்னே உள்ள இடம்.

கேள்வி: மேடம், நான் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர், கஸ்டமர் கேர்ல நாலு வருஷம் இருந்தேன். ஒரு பில்டர் கம்பெனியில கஸ்டமர் ரிலேஷன்ஸ் வேலைக்கு கூப்பிடுறாங்க. சிவில் தெரியாம போனா தாக்குப் பிடிக்க முடியுமா? (அம்பத்தூர்லேர்ந்து ஒரு சகோதரி)

பதில்: தாராளமா போங்க. போன்ல கோபமா பேசுறவங்களை நாலு வருஷம் சமாளிச்சிருக்கீங்க, அது இங்க பெரிய பலம். ஆனா வித்தியாசம் இருக்கு, அங்க ஒரு கால் முடிஞ்சா அந்த ஆள் போயிடுவாரு, இங்க அதே மனுஷர் மூணு வருஷம் உங்ககூட வருவாரு, அவரோட வாழ்நாள் சேமிப்பு உங்க கம்பெனியில இருக்கு.

முதல் மாசத்துலயே ரெராவைப் படிச்சிடுங்க, வீடு வாங்குறவங்களைப் பாதுகாக்குற 2016 சட்டம். அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல காசு வாங்கக் கூடாது, வாங்குற பணத்துல 70 சதவீதம் தனி அக்கவுண்ட்ல இருக்கணும், வீட்டை ஒப்படைச்ச நாள்லேர்ந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துல குறை வந்து சொன்னா 30 நாள்ல காசு வாங்காம சரி பண்ணிக் குடுக்கணும். இது மனசுல இருந்தாலே "பாத்து சொல்றோம் சார்"னு மழுப்ப மாட்டீங்க.

ஒரு ஹேண்ட் ஓவர்ல நான் பாத்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், மனைவியோட வந்திருந்தாரு. நேரா பாத்ரூமுக்குப் போனாரு, ஒரு மக்கு தண்ணி எடுத்து ஊத்துனாரு, குனிஞ்சு நின்னு பாத்தாரு. தண்ணி வடியுற ஓட்டைக்குப் போகாம கதவு ஓரமா தேங்கி நின்னுச்சு. சைட் பையன் "காஞ்சிடும் சார்"னான். கூட வந்த கஸ்டமர் ரிலேஷன்ஸ் பொண்ணு அவனை நிறுத்திட்டு ஸ்னாக் லிஸ்ட்ல, அதாவது குறைங்களை எழுதுற பட்டியல்ல, வாத்தியார் சொன்னதை அவர் வார்த்தையிலயே தமிழ்ல எழுதுச்சு, "தண்ணி கதவுப் பக்கம் வருது, மனைவிக்கு முட்டி வலி, வழுக்கிடும்". டைல்ஸ் எடுத்து, ஸ்லோப் திருத்தி, கீழ் வீட்டுக்கு ஒழுகுதான்னு தண்ணி கட்டி நிறுத்திப் பாத்து திரும்ப ஒட்ட பத்து நாள்னு பிளம்பர் சொன்னாரு. அந்தப் பொண்ணு பன்னெண்டாவது நாள்னு தேதி குடுத்துச்சு, அந்த தேதியில வாத்தியார் கூப்பிடுறதுக்கு முன்னாடி அதுவே கூப்பிட்டுச்சு. அவ்ளோதான். அந்த வாத்தியார் சொல்லி அந்த பிளாக்ல இன்னும் ரெண்டு வீடு வித்துச்சு.

இன்னொன்னு, பிளானிங்ல ஜூலை கடைசியில ஹேண்ட் ஓவர்னு போட்டு வெச்சிருப்பாங்க, சைட்டுக்கு அது ஒரு தேதி, வீடு வாங்குனவங்களுக்கு அது ஆடி மாசம். கிரகப்பிரவேசம் பண்ண மாட்டாங்க, ஆவணி வரைக்கும் வாடகையும் கட்டி இ.எம்.ஐ.யும் கட்டுவாங்க. ஆறு மாசம் முன்னாடியே பி.எம்.கிட்ட போய் இதைச் சொல்லி வைகாசிக்குள்ள முடிக்கப் பாருங்கன்னு சண்டை போட வேண்டியது நீங்கதான், வேற யாரும் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: அக்கா, சிவில் முடிச்ச பொண்ணு நான். இன்டர்வியூ போற இடத்துல எல்லாம் "உனக்கு டிசைன் ஆபீஸ்தான் செட் ஆகும்"னு சொல்றாங்க. எனக்கு சைட்தான் வேணும். (மதுரை)

பதில்: சைட்டையே கேளுங்கம்மா, விடாதீங்க. சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மட்டும் நேரா கேட்டுக்கோங்க, பொம்பளைங்களுக்கு தண்ணி வசதியோட டாய்லெட் இருக்கா, ராத்திரி காங்க்ரீட் நாள்ல வீட்டுக்கு வண்டி உண்டா. இதுக்கு முகம் சுளிக்கிற கம்பெனியில சேராதீங்க. நீங்க கேட்டு வாங்குன டாய்லெட் உங்களுக்கு மட்டும் இல்ல, அந்த சைட்ல மண்ணு சுமக்குற சித்தாள் அம்மாங்களுக்கும் சேத்துதான், அவங்க காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம அடக்கிட்டு வேலை பாக்குறதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

கேள்வி: மேடம் வணக்கம். எனக்கு வயசு 43, பத்தாவதுதான் படிச்சிருக்கேன். கொத்தனாரா மும்பையில பதினொரு வருஷம், இப்ப ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சூப்பர்வைசர். இந்தி நல்லா வரும். படிச்ச பசங்கதான் மேல மேல போறாங்க, எனக்கு இதுக்கு மேல வழி இருக்குங்களா?

பதில்: அண்ணே, உங்ககிட்ட இருக்குறது இன்னைக்கு பாதி சைட்ல இல்ல. பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்கண்ட்லேர்ந்து வந்த பசங்கதான் வேலை பாக்குறாங்க, இன்ஜினியர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேசுறாரு, பசங்க தலையாட்டுறாங்க, பாதி புரியல. வேலையும் தெரிஞ்சு பாஷையும் தெரிஞ்ச ஆளை லேபர் வெல்ஃபேர், அதாவது தொழிலாளர் நலன், அவங்க தங்குற கேம்ப்புக்கு இன்சார்ஜ், இந்த மாதிரி வேலைக்கு பெரிய கான்ட்ராக்டருங்க தேடுறாங்க. உங்க கம்பெனியிலயே கேளுங்க, பேர் வேற ஏதாவது வெச்சிருப்பாங்க, வேலை இதுதான்.

கேக்கப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 1994-லயே நம்ம ஊர்ல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துடுச்சு, அதுல பதிவு பண்றது எப்படின்னு கத்துக்கோங்க. கட்டுமானத் தொழிலாளருக்கான 1996 மத்திய சட்டத்துலயே 50 பொம்பளைங்களுக்கு மேல இருந்தா குழந்தைங்களுக்கு ஒரு ரூம் குடுக்கணும்னு எழுதி வெச்சாங்க. வெளி மாநில ரேஷன் கார்டுக்கு இங்கயே அரிசி வாங்கலாம், 2020 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுல நடைமுறையில இருக்கு, பாதிப் பசங்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. நான் இருந்த ஒரு சைட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பையன் காய்ச்சல்ல மயங்கிட்டான், ஆஸ்பத்திரியில பேர் கேட்டாங்க, அட்டெண்டன்ஸ்ல இருந்தது "ராஜூ 3". மூணாவது ராஜூன்னு அர்த்தம். ஊர் தெரியாது, வீட்டு நம்பர் தெரியாது, கூட்டிட்டு வந்த ஆள் போனை எடுக்கல. பையன் பொழைச்சுட்டான், ஆனா அவங்க அம்மாவுக்கு விஷயம் போக நாலு நாள் ஆச்சு. ஒரு நோட்டு வாங்குங்கண்ணே, உங்ககிட்ட இருக்குற ஒவ்வொரு பையன்கிட்டயும் உக்காந்து முழுப் பேரு, ஊரு, ரத்த குரூப், வீட்ல யாரைக் கூப்பிடணும், அந்த நம்பர், எல்லாம் எழுதி வைங்க. அந்த நோட்டோட போய் பி.எம்.மைப் பாருங்க.