சான்று பெற்ற கம்பைலர் பிழையில்லாததா?

கேள்வி: வாங்கப்போகும் அடா நிரல்மொழிக் கம்பைலரின் விளம்பரத் தாளில் ‘தரநிலைச் சான்று பெற்றது’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பிழையே இருக்காதா?

பதில்: இருக்கும். கம்பைலரின் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) இந்தப் பதிப்பு, இந்தக் கணினியில், இந்த ஆப்ஷன்களோடு ஓடியபோது ஏசிஏடிஎஸ் என்ற, அடா தரநிலைக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்பில் தேறியது. சான்று சொல்வது அவ்வளவுதான். அதற்கான நடைமுறை ஐஎஸ்ஓ/ஐஇசி 18009 என்று 1999-இல் வந்தது. வேகத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1983 ஏப்ரலில் முதன்முதலாகச் சான்று பெற்ற நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அடா/எட் வேகத்தில் நத்தை; ஆனாலும் தேறியது.

சோதனைப் பெயரின் முதல் எழுத்தே அதன் வகை. ‘சி’ வகை நிரல்கள் ஓடி, தம்மைத் தாமே சரிபார்த்து, ‘பாஸ்ட்’ அல்லது ‘ஃபெயில்ட்’ என்று அச்சிடும். இதில் 5 என்று நேராக எழுதினால், கம்பைலரில் நிரலை வேகப்படுத்தும் பகுதியான ஆப்டிமைசர் கம்பைல் ஆகும்போதே கணக்கை முடித்துவிடக்கூடும்; சோதிக்க வந்த கட்டளை ஓடவே ஓடாது. அதனால் ஐடென்ட்_இன்ட்(5) என்று எழுதுவார்கள். கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும் ஃபங்ஷன்தான், ஆனால் கம்பைலருக்கு அது தெரியக்கூடாது!

கம்பைலர்கள் அதிகம் தடுமாறுவது ‘பி’ வகையில். இவை வேண்டுமென்றே தப்பாக எழுதிய நிரல்கள். தப்பான வரிகளில் ‘எர்ரர்’ என்று கமென்ட் இருக்கும். அத்தனையையும் கம்பைலர் பிடிக்க வேண்டும், சரியான வரியைக் குறை சொல்லவும் கூடாது. முதல் தப்பிலேயே தடம் மாறி, மீதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டால்? ஒரு துண்டுக்கு ஒரு தப்பு என்று ஃபைலைப் பிரித்து மறுபடி ஓட்டுவார்கள். தகுந்த காரணம் இருந்தால் மதிப்பீட்டாளர்கள் இதை ஏற்பார்கள்.

ஆகவே சான்றிதழை விட்டுவிட்டுச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். எவை பிரிக்கப்பட்டன, எவை ‘பொருந்தாது’ என்று ஒதுக்கப்பட்டன, எந்த ஆப்ஷன்கள் என்று பாருங்கள். ஆப்ஷன் விஷயம் சின்னதல்ல. ஜிநாட் என்ற அடா கம்பைலரில் ஸ்டாக் (நிரல் ஓடும்போது தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதி) நிரம்பி வழிவதைக் கண்காணிக்கத் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் கம்பைல் செய்தால் உங்கள் நிரலுக்கு அந்தக் காவல் கிடையாது. தொகுப்பு இணையத்தில் இலவசம். உங்கள் ஆப்ஷன்களோடு நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: கோபாலுக்கும் இப்படி உண்டா?

பதில்: (மொழியைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம்.) உண்டு. கோபாலின் 1985 தரநிலையான கோபால்-85-க்கு அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி வைத்திருந்த சோதனைத் தொகுப்பு இன்றும் கிடைக்கிறது. க்னூகோபால் என்ற இலவச கோபால் கம்பைலரைச் சோதிக்க அதைத்தான் ஓட்டுகிறார்கள்.