பத்து வருஷமாக அப்பாவுக்கு பிபி. எக்கோவில் இ.எஃப். 65%, கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் (இதயம் தளர்வதில் லேசான குறை). இதயம் நன்றாக இருக்கிறது என்று நம்பலாமா?

ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதே இ.எஃப். 65 நல்ல எண்தான். ஆனால் பத்து வருஷ பிபி இதயத்தை என்ன செய்திருக்கிறது என்பதற்கு அது பதில் இல்லை. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி முதலில் தடிப்பது இடது வென்ட்ரிக்கிளின் (உடலுக்கு ரத்தம் தள்ளும் கீழறை) சுவர். தடித்த சுவர் சரியாகத் தளராது. அதனால் பின்னாலிருக்கும் இடது ஏட்ரியம் (மேலறை) மெல்லப் பெரிதாகும். இவ்வளவு நடந்த பிறகும் இ.எஃப். 65 என்றே காட்டலாம்.

ரிப்போர்ட்டில் ஐ.வி.எஸ். (இரு வென்ட்ரிக்கிள்களுக்கு நடுவிலுள்ள செப்டம் என்ற சுவரின் தடிப்பு), எல்.வி.ஐ.டி.டி. (தளர்ந்த நிலையில் இடது வென்ட்ரிக்கிளின் உள்விட்டம்), பி.டபிள்யூ. (அதன் பின்சுவரின் தடிப்பு) என்ற மூன்று அளவுகளைத் தேடுங்கள். 12, 46, 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் போட்டால் இடது வென்ட்ரிக்கிள் தசையின் எடை சுமார் 205 கிராம். உடல் பரப்பு 1.7 சதுர மீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு 121 கிராம். ஆண்களுக்கு 115-ஐயும் பெண்களுக்கு 95-ஐயும் தாண்டினால் ஹைப்பர்ட்ரோபி (தசைத் தடிப்பு). அதே ஆளுக்கு இரண்டு சுவரையும் 11 என்று அளந்திருந்தால் 107 ஆகி, எல்லைக்குள் வந்துவிடுவார். சூத்திரத்தில் அளவுகள் மூன்றாம் அடுக்கில் வருவதால் ஒரு மில்லிமீட்டர் இப்படி ஆளையே மாற்றிவிடும்.

அந்த மில்லிமீட்டர் தவறுவது பெரும்பாலும் கோணத்தில்தான். மைட்ரல் வால்வு நுனிக்குச் சற்றுக் கீழே, டயஸ்டோல் (இதயம் தளரும் கட்டம்) முடிவில், வென்ட்ரிக்கிளின் நீள அச்சுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் சுவர் தடிப்பாகத் தெரியும். வலது வென்ட்ரிக்கிளின் தசைப்பட்டையைச் செப்டத்தோடு சேர்த்து அளந்துவிடுவதும் உண்டு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்காமல் மல்லாக்கவே எடுத்தால் பலருக்குப் படமே தெளிவாகக் கிடைக்காது.

கிரேடு 1 என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அறுபது தாண்டியவர்களிடம் பரவலாகக் காண்பதுதான். அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. சராசரி இ/இ பிரைம் (உள்ளழுத்தத்தைக் கணிக்க உதவும் டாப்ளர் விகிதம்) 14-க்கு மேல், இடது ஏட்ரியத்தின் கொள்ளளவு சதுர மீட்டருக்கு 34 மி.லி.க்கு மேல், டி.ஆர். (வலப்பக்க டிரைகஸ்பிட் வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தம்) வேகம் நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் என்று இவை சேர்ந்து வந்தால் உள்ளழுத்தம் ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிபி நோயாளிக்கு எக்கோ எடுத்துவிட்டு, எடுத்த நேரத்து பிபியை ரிப்போர்ட்டில் எழுதாமல் விடும் வழக்கம் சரியே இல்லை. 180/100-இல் எடுத்த ஸ்ட்ரெயினும் (தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவு) 130/80-இல் எடுத்ததும் ஒன்றல்ல. அழுத்தம் ஏறினாலே ஸ்ட்ரெயின் குறையும். உயரமும் எடையும் இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கையே போட முடியாது. "நேரமில்லை" என்பார்கள். கஃப் கட்டி அளக்க இரண்டு நிமிடம் போதும்.

சுவர் 15 மி.மீ. தொட்டாலோ, சுவர் தடித்திருந்தும் ஈ.சி.ஜி.யில் அலைகள் சிறுத்திருந்தாலோ, எல்லாவற்றையும் பிபி தலையில் கட்டாதீர்கள். பரம்பரைத் தசைத் தடிப்பாகவோ அமிலாய்டாகவோ (இதயத் தசையில் புரதம் படியும் நோய்) இருக்கலாம்; கார்டியாக் எம்.ஆர்.ஐ. தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.