நீலகிரிக்கு எந்த கேமரா: சூப்பர்ஜூமா, பெரிய சென்சாரா?

லென்ஸ் வழியே வரும் ஒளியை வாங்கும் சில்லுதான் சென்சார். தூரத்தில் இருப்பதை மிக அருகே காட்டும் பாக்கெட் சூப்பர்ஜூம் கேமராவில் அது சுமார் 6×4.5 மி.மீ.; ‘ஒரு அங்குலம்’ எனப்படும் பெரிய சென்சார் வகையில் 13.2×8.8 மி.மீ., பரப்பில் நான்கு மடங்கு. தூறலில் தம்ளரும் அண்டாவும் வைத்தால் மழை ஒன்றுதான், சேரும் நீர் வேறு. அவலாஞ்சி சோலை நிழலில் சிறிய சென்சார் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றும். படம் புள்ளி புள்ளியாகிவிடும். முழு ஜூமில் லென்ஸ் துவாரமும் எஃப்6-ஐ ஒட்டிச் சுருங்குவதால் இன்னும் மோசம்.

ஆனால் முக்கூர்த்திச் சரிவில் நிற்கும் வரையாட்டுக்குப் பெரிய சென்சார் கேமராவின் குறைந்த ஜூம் (70 மி.மீ. போல) எட்டாது, வெயில் இருந்தால் அங்கே 30 மடங்கு ஜூம்தான் கைகொடுக்கும். (மூடுபனியை எந்த ஜூமும் துளைக்காது.) வரையாடு, பறவை தேடிப் போகாதவர்கள் பெரிய சென்சாரையே வாங்கலாம்.

இரண்டிலும் 20 மெகாபிக்சல் என்றிருந்தால் தரமும் ஒன்றே எனப் பலர் நினைக்கிறார்கள். அது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே, ஒவ்வொரு புள்ளியும் வாங்கும் ஒளியின் அளவு அல்ல.